வட்டுக்கோட்டைக் கல்விச்சாலை

'பாவலர் சரித்திர தீபகம்' என்று ஒரு நூல் உண்டு. தமிழ்ப் புலவர் 400-க்கு மேற்பட்டோரின் வரலாறுகளைத் திரட்டி, 1886-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திலே வெளியிடப்பட்டது அது. தமிழ் இலக்கிய வரலாறு என்ற துறையே சரியாகத் தோன்றாத காலத்தில், பாடல்களையும் செவிவழிச் செய்திகளையும் தேடித் தொகுத்த அரிய முயற்சி. அந்த நூலின் ஆசிரியர் பெயர் ஜே. ஆர். ஆர்னல்ட். இந்தப் பெயரை முதன்முதலில் கண்டபோது, தமிழில் பற்றுக் கொண்ட வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவர் என்றுதான் நான் எண்ணினேன். பெயருக்கு உரியவரோ, யாழ்ப்பாணத்துத் தமிழர். பிறந்தபோது இட்ட பெயர் சதாசிவம்பிள்ளை.

இவர் ஒருவர் மட்டும் அல்லர். கேரல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தில் இப்படிப் பல பெயர்கள். அத்தனை பேரும் தமிழர். அத்தனை பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் பயின்றவர்கள். அமெரிக்காவில் இருந்த யாரோ ஒரு புண்ணியவான் ஒரு மாணவனின் உணவுக்கும் உடைக்கும் படிப்புக்கும் ஆண்டுதோறும் பணம் அனுப்புவார். தம் பெயரையோ, தாம் மதிக்கும் ஒரு பெரியவரின் பெயரையோ அந்த மாணவனுக்கு இடுமாறு கேட்டுக்கொள்வார். கடல் கடந்து பணம் வந்தது. அதனோடு பெயரும் வந்தது. சதாசிவம் ஆர்னல்ட் ஆனார்.

பெயரையே மாற்றிய அந்தப் பள்ளிக்கூடம் எது, அங்கே என்ன கற்பித்தார்கள், அதை ஏன் ஒரு நாள் இழுத்து மூடினார்கள், மூடியபின் யார் அதைத் திறந்தார்கள் என்பதைத்தான் மாணவ நண்பர்களாகிய உங்களுக்குச் சொல்ல எண்ணுகிறேன்.

யாழ்ப்பாண நகரத்திற்கு வடமேற்கே, ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர் தொலைவில், வட்டுக்கோட்டை என்னும் ஊர் இருக்கிறது. பனந்தோப்பும் நெல்வயலும் சூழ்ந்த சிற்றூர். போர்த்துக்கீசர் காலத்திலே அங்கே ஒரு கோயில் எழுந்தது. பின்பு வந்த ஒல்லாந்தர் அதைத் தம் சமயத்திற்கு ஏற்பத் திருத்திக் கட்டினர். அவர்களும் போனபின் கட்டடம் கேட்பாரற்றுக் கிடந்தது. 1816-ஆம் ஆண்டு அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது, தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் இத்தகைய பழைய கட்டடங்களே அவர்களுக்குக் கிடைத்தன.

அமெரிக்கர் ஏன் அவ்வளவு தொலைவு வந்து யாழ்ப்பாணத்தில் இறங்க வேண்டும் என்ற கேள்வி எழலாம். அவர்கள் நாட்டம் இந்தியாவின் மீதுதான் இருந்தது. ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனி அமெரிக்கரை விரும்பி வரவேற்கும் நிலையில் இல்லை. இலங்கையை ஆண்ட தேசாதிபதி பிரவுண்ரிக் இடம் கொடுத்தார். தமிழ்நாட்டிற்கு எதிர்க்கரையில் தமிழ் பேசும் மக்களிடையே ஓர் இடம் கிடைத்ததே போதும் என்று வந்து அமர்ந்தார்கள். பின்னர், 1834-இல் இங்கிருந்தே மதுரைக்கும் சென்று ஒரு கிளையைத் தொடங்கினார்கள். இன்று மதுரையில் உள்ள அமெரிக்கன் கல்லூரியின் வேர் அந்தக் கிளையில் இருக்கிறது. ஆகவே வட்டுக்கோட்டையின் கதை பாக்கு நீரிணையின் இரு கரைக்கும் பொதுவானது.

வந்தவர்களின் நோக்கம் சமயம் பரப்புவது. அதில் ஒளிவுமறைவு இல்லை. பள்ளிக்கூடம் அதற்கு வழி. ஊர்தோறும் திண்ணைப் பள்ளிகள் போன்ற சிறு பள்ளிகளை முதலில் அமைத்தார்கள். பகலில் வந்து போகும் பிள்ளைகள் மாலையில் வீட்டிற்குப் போய்ப் பழைய பழக்கத்திற்கே திரும்பிவிடுகிறார்கள் என்று கண்டு, பிள்ளைகளைத் தம்மோடு வைத்து உணவளித்துப் படிப்பிக்கும் விடுதிப் பள்ளிகளைத் தொடங்கினார்கள். இங்கேதான் முதல் சிக்கல். மிஷன் வளவுக்குள் சமைத்த சோற்றை உண்டால் சாதி போய்விடும் என்று பெற்றோர் அஞ்சினர். அடுத்த காணியில், சைவர் ஒருவரின் நிலத்தில், சமையலறை கட்டி அங்கே பிள்ளைகளை உண்ணச் செய்ய வேண்டியதாயிற்று. படிப்பு ஒரு வளவில், சோறு இன்னொரு வளவில்! வேலிக்கு இந்தப் பக்கம் வேதாகமமும் பூகோளமும். வேலிக்கு அந்தப் பக்கம் குலாசாரம். அந்த வேலி எளிதில் கரையவில்லை. விடுதிகளில் சேர்ந்தவர்களுள் பெரும்பாலோர் வேளாளர் குடும்பத்துப் பிள்ளைகளே என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பெண்பிள்ளைகளுக்காக 1824-இல் உடுவிலில் ஒரு விடுதிப் பள்ளி எழுந்தது. அக்காலத்தில் பெண்ணைப் படிக்க விடுவது, அதிலும் வீட்டை விட்டு வேறிடத்தில் தங்கிப் படிக்க விடுவது, எவ்வளவு பெரிய காரியம் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

சிறு விடுதிகளில் தேறிய மாணவர்களை ஒன்று சேர்த்து உயர்கல்வி அளிக்க வேண்டும் என்று திட்டமிட்டவர் தானியேல் பூவர் என்னும் மிஷனரியார். 1823-இல் வட்டுக்கோட்டையில் அந்தக் கல்விச்சாலை தொடங்கியது. கல்லூரி என்றே பெயரிட அவர்கள் விரும்பினர். இலங்கை அரசாங்கம் அதற்கு இணங்கவில்லை. அமெரிக்கர் கையில் ஒரு கல்லூரி இருப்பதைப் பிரித்தானிய அதிகாரிகள் எப்படி விரும்புவார்கள்? எனவே முதலில் 'மத்திய பாடசாலை' என்றும், 1827 முதல் 'செமினரி' என்றும் பெயர் வழங்கிற்று. அரசாங்கத்தின் மனம் இவ்வாறிருக்க, பிரதம நீதியரசராக இருந்த சர் ரிச்சர்ட் ஒட்லியோ பொருளுதவி செய்து ஊக்கினார். அவர் பெயரால் ஒட்லி மண்டபம் வழங்குகிறது.

அங்கே கற்பித்த பாடங்களைக் கேட்டால் வியப்பாக இருக்கும். ஆங்கிலம், கணிதம், தத்துவம், பௌதிகம், வான நூல் ஆகியவற்றோடு குறளும் நன்னூலும் பாடம். சமஸ்கிருதமும் உண்டு. கிறிஸ்தவ சமயம் பரப்ப வந்தவர்கள் குறளை ஏன் கற்பித்தார்கள்? தமிழறியாத போதகனுக்கு யாழ்ப்பாணத்தில் மதிப்பில்லை என்பதை அவர்கள் விரைவில் அறிந்துகொண்டதே காரணம் என்பது என் கருத்து. காரணம் எதுவாயினும் பயன் பெரிது.

வான நூல் பற்றி ஒரு நிகழ்ச்சி சொல்ல வேண்டும். வட்டுக்கோட்டைக்கு அடுத்த ஊர் அராலி. அங்கே விசுவநாத சாஸ்திரியார் என்ற பெரிய கணிதர் இருந்தார். அவர் கணித்த பஞ்சாங்கம் யாழ்ப்பாணமெங்கும் வழங்கியது. 1829-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வரவிருந்த சந்திர கிரகணத்தின் கணக்கில் சாஸ்திரியாருக்கும் பூவருக்கும் வேறுபாடு நேர்ந்தது. இந்த வேறுபாட்டைப் பூவர் முன்கூட்டியே ஊரறியச் சொல்லிவிட்டார். நாடெங்கும் பேச்சாயிற்று. கிரகணத்தன்று இரவு கடிகாரத்தையும் தொலைநோக்கியையும் வைத்துக்கொண்டு பலர் கூடி வானத்தைப் பார்த்தார்கள். பூவர் சொன்ன கணக்கே சரியாயிற்று.

மிஷனரிமார் இதைத் தம் சமயத்தின் வெற்றியாகவே எழுதி வைத்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சந்திரனின் நிழற்கணக்குக்கும் சமயத்திற்கும் என்ன உறவு? திண்ணையில் ஓலைச்சுவடியும் சோழியும் கொண்டு, தலைமுறை தலைமுறையாக வந்த வாய்பாடுகளை வைத்து, ஒரு மனிதர் கிரகணத்தை முன்னறிந்து சொன்னாரே, அது சிறிய கல்வியா? பழைய வாய்பாடு காலப்போக்கில் சற்றே பிசகும். புதிய அளவைகளால் அதைத் திருத்த வேண்டும். அந்த இரவு மாணவர்களுக்குக் கிடைத்த பாடம் இதுதான். யார் சொன்னார் என்று பாராமல் வானத்தைப் பார்த்து முடிவு செய்யும் வழக்கம் ஒரு வகுப்பறைக்குள் நுழைந்தது.

பூவருக்குப் பின் தலைவராக வந்த ஹொய்சிங்டன் இந்த உண்மையை நன்கு உணர்ந்தவர். இந்துக்களின் வான நூலை இகழாமல் கற்று, அதனை விளக்கி ஒரு நூல் எழுதினார். அதனினும் பெரிய காரியம் ஒன்று செய்தார். சைவ சித்தாந்தத்தின் முதனூலாகிய சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1854-இல் அமெரிக்காவின் கீழ்த்திசைக் கழகத்து வெளியீட்டில் அது அச்சேறியது. சைவரை மதம் மாற்ற வந்தவர் சைவத்தின் உயிர்நூலை மேல்நாட்டாருக்கு எடுத்துக் காட்டிவிட்டார்! எதிரியின் வலிமையை அறியவே படித்தார் என்று சிலர் சொல்வர். இருக்கட்டும், படித்தார் அல்லவா?

ஹொய்சிங்டனுக்குப்பின் தலைமை ஏற்றவர் சைரஸ் மில்ஸ். அவரும் அவர் மனைவியும் பிற்காலத்தில் கலிபோர்னியா சென்று பெண்களுக்கென்று நடத்திய கல்விச்சாலையே 'மில்ஸ் கல்லூரி' எனப் புகழ்பெற்றது. வட்டுக்கோட்டையில் அந்தத் தம்பதியர் பெற்ற அனுபவம் பசிபிக் கடற்கரை வரை போயிற்று.

மாணவர்கள் என்ன ஆனார்கள்? 1841-இல் 'உதயதாரகை' என்னும் பத்திரிகை தமிழும் ஆங்கிலமுமாக வெளிவந்தது. அதன் முதல் ஆசிரியர்களான ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும் செமினரியின் மாணவர்களே. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை 'நியாய இலக்கணம்' என்று தருக்கநூல் எழுதினார். கேரல் விசுவநாதபிள்ளை 'வீசகணிதம்' என்று இயற்கணித நூலைத் தமிழில் தந்தார். 1862-இல் சென்னையில் அச்சிடப்பட்ட வின்சுலோ அகராதியில் 67,000-க்கு மேற்பட்ட சொற்கள் உள்ளன. அதன் பின்னால் யாழ்ப்பாணத்து அறிஞர் பலரின் பல்லாண்டு உழைப்பு இருக்கிறது. இலங்கை அரசாங்கத்தின் பெருஞ் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் இந்தச் செமினரியைப் பார்வையிட்டு, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பிட்டுப் போற்றி எழுதினார். முதலில் சோறும் துணியும் கொடுத்து அழைத்தாலும் வரத் தயங்கிய ஊர், சில ஆண்டுகளுக்குள் கட்டணம் கொடுத்துப் படிக்கவும் முன்வந்தது.

இவ்வளவு சிறப்போடு நடந்த பள்ளியை 1855-இல் மூடிவிட்டார்கள்.

மூடச் செய்தவர் பகைவர் அல்லர். பணம் அனுப்பிய அமெரிக்கச் சங்கமே மூடியது. அந்தச் சங்கத்தின் செயலாளர் ரூபஸ் அண்டர்சன் என்பவர், இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள மிஷன் பள்ளிகளைப் பார்வையிட வந்தார். செமினரியில் படித்த இளைஞர் பலர் ஆங்கிலம் கற்றதும் கச்சேரிகளிலும் மற்ற அரசாங்க அலுவலகங்களிலும் வேலை தேடிப் போகிறார்கள். போதகராக வருவோர் குறைவு. சமயம் பரப்ப வேண்டிய பணம் குமாஸ்தாக்களை உண்டாக்கச் செலவாகிறது என்று அவர் கண்டார். மக்களுக்கு அவர்களுடைய தாய்மொழியில்தான் போதிக்க வேண்டும், ஆங்கிலக் கல்வி மிஷனுக்குத் தேவையில்லை என்பது அவர் கொள்கை. செமினரியின் கதவு அடைபட்டது. அதே ஆண்டுத் தொடக்கத்தில், அதை உருவாக்கிய பூவர் மானிப்பாயில் வாந்திபேதி கண்டு காலமானார்.

அண்டர்சன் சொன்னதில் ஒரு பாதி உண்மை. தாய்மொழியில் கற்பதே ஆழப் பதியும் என்பதை இன்று நாம் எத்தனை மேடைகளில் பேசுகிறோம்! அவர் காலத்திலேயே அதற்குச் சான்றும் இருந்தது. சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர் மானிப்பாயில் இருந்துகொண்டு, மேல்நாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மருத்துவர்களைப் பயிற்றினார். உடற்கூறும் இரண வைத்தியமும் தமிழில் சொல்ல முடியும் என்று செய்து காட்டினார். ஆனால் தமிழில் மருத்துவம் கற்றால் அரசாங்க வேலை கிடைக்குமா என்ற கவலை அவருடைய மாணவர்களையும் விடவில்லை. ஆட்சி ஆங்கிலத்தில், வழக்குமன்றம் ஆங்கிலத்தில், சம்பளம் ஆங்கிலத்தில் இருக்கும்போது பள்ளிக்கூடம் மட்டும் தாய்மொழியில் இருந்தால் ஏழைப் பிள்ளைதான் தாழ்ந்து போவான். இந்தப் பாதியை அண்டர்சன் காணவில்லை.

அவர் காணாத இன்னொன்றும் உண்டு. ஆங்கிலம் கற்றவன் தமிழை விட்டு விலகிவிடுவான் என்று எண்ணினார். சிறுப்பிட்டியிலே 1832-இல் பிறந்த தாமோதரம்பிள்ளை, 1844 முதல் எட்டாண்டுகள் இந்தச் செமினரியில் படித்தவர். 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தன் முதல் பி. ஏ. பட்டத் தேர்வை நடத்தியபோது, தேறியவர் இருவர். ஒருவர் தாமோதரம்பிள்ளை, மற்றவர் கேரல் விசுவநாதபிள்ளை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் மூடப்பட்ட ஒரு பள்ளியின் மாணவர்கள், கடல் கடந்து வந்து, புதிய பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளானார்கள். இருவரும் பின்னாளில் சைவத்திற்கே திரும்பினார்கள் என்பது அண்டர்சனுக்கு இன்னும் வருத்தம் தந்திருக்கும்.

பட்டம் பெற்றதோடு தாமோதரம்பிள்ளை நின்றுவிட்டாரா? செல்லரித்த ஏடுகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தார். 1881-இல் வீரசோழியம், 1885-இல் தொல்காப்பியப் பொருளதிகாரம் நச்சினார்க்கினியர் உரையுடன், 1887-இல் கலித்தொகை என்று ஒன்றன்பின் ஒன்றாக அச்சேற்றினார். எட்டுத்தொகை நூல்களுள் கலித்தொகையை முதன்முதலாக அச்சில் தமிழருக்குத் தந்தவர் அவரே. பாட வேறுபாடுகளை ஒப்பிட்டு நோக்கும் பொறுமையும், பதிப்புரையில் காலத்தை ஆராயும் துணிவும் அவருக்கு எங்கிருந்து வந்தன? ஓலை படித்த தமிழ்க் குடும்பத்திலிருந்து பாதி, வட்டுக்கோட்டை வகுப்பறையிலிருந்து பாதி என்று நான் கருதுகிறேன்.

பள்ளி மூடப்பட்டதை ஊர் ஏற்றுக்கொள்ளவில்லை. மூடியவர்கள் அமெரிக்கர், ஆனால் அதில் படித்துத் தந்தையரானவர்கள் தமிழர். தாம் பெற்ற கல்வி தம் பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லையே என்ற குறை அவர்களை வாட்டியது. இதற்கிடையே ஆறுமுக நாவலர் 1848-இல் வண்ணார்பண்ணையில் தொடங்கிய சைவப்பிரகாச வித்தியாசாலை, சமயம் மாறாமலே நவீன முறையில் கற்கலாம் என்று காட்டிக்கொண்டிருந்தது. மிஷன் பள்ளிகளுக்கு இனிப் போட்டி உண்டு. கேட்பவர் கை ஓங்கிவிட்டது. பழைய மாணவர்கள் கூடிப் பேசினார்கள், மனுச் செய்தார்கள், யாழ்ப்பாணத்திலும் அமெரிக்காவிலும் மூலதனம் திரட்டினார்கள். 1872-ஆம் ஆண்டு சூலை மாதத்தில் அதே வட்டுக்கோட்டை வளவில் யாழ்ப்பாணக் கல்லூரி திறக்கப்பட்டது. செமினரி மூடப்படும் முன்பே யாழ்ப்பாணம் வந்திருந்த ஹேஸ்டிங்ஸ் முதல் அதிபரானார். முன்னது ஒரு சங்கத்தின் ஏவலில் நின்றது. பின்னது தனக்கென ஓர் இயக்குநர் சபையும் தனக்கென ஒரு முதலும் கொண்டு நின்றது. பதினேழு ஆண்டுகளுக்கு முன் இழந்ததை ஊரார் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். இந்த முறை கல்லூரி என்ற பெயரையும் சேர்த்தே வாங்கினார்கள்.

நாம் தொடக்கத்தில் கண்ட சதாசிவம்பிள்ளை என்னும் ஆர்னல்ட், இந்தக் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். பாவலர் சரித்திர தீபகம் அப்போது எழுந்ததுதான்.

பிந்திய வரலாற்றை விரித்தால் பொழுது போதாது. ஒன்றிரண்டு மட்டும் சொல்கிறேன். இங்கே படித்து இங்கேயே ஆசிரியராகவும் இருந்த ஹண்டி பேரின்பநாயகம் 1924-இல் தோன்றிய மாணவர் காங்கிரசின் முன்னணியில் நின்றார். சாதி வேற்றுமைக்கு எதிராகவும் முழு விடுதலைக்காகவும் அது குரல் கொடுத்தது. தாய்மொழிக் கல்வி வேண்டும் என்றும் கேட்டது. பாருங்கள், அண்டர்சன் மேலேயிருந்து ஆணையிட்டதை எதிர்த்த அதே வளவின் பிள்ளைகள், இரண்டு தலைமுறை கழித்துத் தாமாகவே அதைக் கேட்டார்கள்! 1927-இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்திற்கு அழைத்து வந்ததும் அந்த மாணவர் காங்கிரசே. வேறு வளவில் சோறு சமைத்த காலம் போய், ஒரே பந்தியில் இருக்க வேண்டும் என்ற கிளர்ச்சி யாழ்ப்பாணத்துப் பள்ளி விடுதிகளில் எழுந்ததும் அந்த ஆண்டுகளில்தான். அது எளிதில் முடியவில்லை. எதிர்ப்பும் கடுமையாகவே இருந்தது.

1960-61-இல் இலங்கை அரசாங்கம் உதவிபெறும் பள்ளிகளைத் தன்வயப்படுத்தியபோது, யாழ்ப்பாணக் கல்லூரி அரசாங்க உதவிப்பணத்தைத் துறந்து தனியார் பள்ளியாகவே நிற்கத் துணிந்தது. 1974-இல் யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக வளாகம் அமைந்தபோது, கல்லூரியின் பட்டப்படிப்புப் பகுதி அதற்கு இடமளித்தது. பூவர் விரும்பிய உயர்கல்வி ஊரின் பொதுச் சொத்தாயிற்று. கல்லூரி மீண்டும் பள்ளிக்கூடமாயிற்று.

1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். 1995-இல் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் ஊரை விட்டுப் புறப்பட நேர்ந்ததையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். வட்டுக்கோட்டை வலிகாமத்தில் உள்ளது. மறு ஆண்டில் மக்கள் திரும்பினார்கள். பள்ளி மணியும் மீண்டும் அடித்தது. யாழ்ப்பாணத்துப் பழைய அச்சு நூல்களைத் தேடிச் செல்லும் ஆராய்ச்சியாளர் இன்றும் அந்தக் கல்லூரி வளவிற்குப் போகிறார்கள். அங்கே உள்ள நூல்நிலையத்துக்குத் தானியேல் பூவர் ஞாபகார்த்த நூல்நிலையம் என்று பெயர்.